செர்பென்டினைட் பாறையைப் படிப்பது எப்படி: பழைய கவசத்தையும் கீழமிழ்தலையும் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

புவியின் மேலோட்டுக்குக் கீழே கிடக்கும் கவசத்தை நேரில் சென்று பார்க்க வழியில்லை. எரிமலைகள் மேலே சுமந்துவரும் சிறு துண்டுகளை விட்டால், கவசப் பாறை பெரும் பரப்பில் நமக்குக் கிடைப்பது கடல் தளத்தில் அது வெளிப்பட்டு நிற்கும் இடங்களிலும், பழைய கடல் தளம் நிலத்தின் மேல் ஏற்றப்பட்ட ஓஃபியோலைட் தொகுதிகளிலும், இரு கண்டங்கள் மோதி இணைந்த தையல் மண்டலங்களிலும்தான். அங்கெல்லாம் பெரும்பாலும் கைக்கு வருவது பெரிடோடைட் எனப்படும் தூய கவசப் பாறை அல்ல, நீர் ஏறி உருமாறிய செர்பென்டினைட்.

நீரால் கெட்டுப்போன கவசம் என்று இந்தப் பாறையை ஒதுக்கிவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அது பெரிய இழப்பு. நீர் பழைய வரலாற்றை முழுவதுமாக அழிப்பதில்லை. அதன் மேல் இன்னொரு வரலாற்றை எழுதுகிறது. ஆகவே செர்பென்டினைட்டைப் படிக்கும் எவரும் ஓர் ஒழுங்கைக் கைவிடக் கூடாது: நீரால் நகர்த்த முடியாதவற்றை முதலில் படிக்க வேண்டும், நீர் கொண்டுவந்து சேர்த்தவற்றை அடுத்துப் படிக்க வேண்டும், பாறை எங்கே உருவானது என்ற முடிவுக்கு அதன் பிறகே வர வேண்டும். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான், ஒரு செர்பென்டினைட் பட்டையைக் கண்டவுடனேயே 'இங்கே கீழமிழ்தல் நடந்தது', அதாவது ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழ்ந்தது, என்று எழுதிவிடும் பிழை நேர்கிறது.

படி 1: வேதிவினையை மனத்தில் நிறுத்துதல்

மேல் கவசத்தின் முக்கியக் கனிமங்கள் ஒலிவினும் பைராக்சீனும். மக்னீசிய ஒலிவினின் இரண்டு பங்கும் நீரின் மூன்று பங்கும் சேர்ந்தால் ஒரு பங்கு செர்பென்டினும் ஒரு பங்கு புரூசைட் என்னும் மக்னீசிய ஹைட்ராக்சைடும் உருவாகும். அருகில் பைராக்சீனின் ஒரு வகையான ஆர்த்தோபைராக்சீன் இருந்தால் அது சிலிக்காவை வழங்கும். அப்போது புரூசைட் குறைந்துபோகும் அல்லது உருவாகவே செய்யாது. ஒலிவினில் சிறிதளவு உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து மேக்னடைட் என்னும் காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடாகும்போது நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு விடுபடுகிறது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடக்கும் மாற்றத்தில் இரும்பின் பெரும்பகுதி புரூசைட்டிலும் செர்பென்டினிலும் தங்கிவிடுவதால் மேக்னடைட் குறைவாகவே உருவாகும். ஹைட்ரஜன் மிகுந்த சூழலில் அவாருயைட் என்னும் நிக்கல் இரும்புக் கலவையும் தோன்றக்கூடும். ஆகவே மேக்னடைட்டின் அளவே வெப்பநிலை பற்றிய முதல் குறிப்பைத் தந்துவிடுகிறது.

முழுமையாக மாறிய பாறையின் எடையில் 12 முதல் 13 விழுக்காடு நீர் கட்டுண்டிருக்கும். கன சென்டிமீட்டருக்கு 3.3 கிராமாக இருந்த அடர்த்தி சுமார் 2.6 கிராமுக்கு இறங்கும். நீரை ஆழத்துக்குச் சுமந்து செல்லும் திறனும், எடை குறைந்து மேலே எழும் இயல்பும், அழுத்தத்தில் எளிதாக வழுக்கும் மென்மையும் இந்த ஒரே மாற்றத்திலிருந்து பிறந்தவை.

ஒரு காலத்தில் செர்பென்டினைட் தனியான ஒரு பாறைக்குழம்பிலிருந்து உறைந்தது என்ற கருத்தும் வலுவாக இருந்தது. மக்னீசியம், சிலிக்கா, நீர் ஆகியவற்றைக் கொண்டு நார்மன் போவனும் ஆர்வில் டட்டிலும் 1949-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் அத்தகைய குழம்புக்கு இடமில்லை என்று காட்டின. திண்மப் பாறையில் நீர் ஏறியே செர்பென்டினைட் பிறக்கிறது என்பது அதன் பிறகு உறுதிப்பட்டது.

படி 2: களத்தில் சூழலைப் பதிவு செய்தல்

பாறை கரும்பச்சையாகவும், தொட்டால் மெழுகு போன்ற வழவழப்புடனும், உராய்ந்து பளபளக்கும் முகங்களுடனும் இருக்கும். மேக்னடைட் இருந்தால் காந்தத்தை இழுக்கும். இவை அடையாளம் காண உதவுமே தவிர வரலாற்றைச் சொல்லா. வரலாறு தொடங்குவது சுற்றுப்புறத்தில்.

செர்பென்டினைட்டின் மேலே ஆழத்தில் உறைந்த காப்ரோ பாறையின் அடுக்குகளும், பின்னர் விரிசல்களில் குழம்பு புகுந்து உறைந்து நெருக்கமாக நிற்கும் டைக்குகளும், தலையணை எரிகற்குழம்பும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓமானின் சமாயில், சைப்ரஸின் டிரூடோஸ் ஆகிய இடங்களில் இருப்பது போன்ற அந்த வரிசை, கவசமும் அதன் மேலிருந்த கடல் மேலோடும் ஒன்றாக ஏற்றப்பட்டதைக் காட்டும். அதற்கு மாறாக, சிதைந்து இழைபட்ட செர்பென்டினைட்டுக்குள் நீலத்தகட்டுப் பாறை, எக்லோகைட், ஜேடைட் ஆகியவற்றின் கட்டிகள் மிதப்பதுபோல் கிடந்தால், அது மெலாஞ்சு எனப்படும் கலவைத் தொகுதி. கலிபோர்னியாவின் பிரான்சிஸ்கன் தொகுதியும் குவாத்தமாலாவின் மோட்டாகுவா பள்ளத்தாக்கும் இதற்குப் பெயர்பெற்றவை. உயர் அழுத்தக் கட்டிகள் இருப்பது கீழமிழ்தலுக்கு நேரடிச் சான்று. ஆனால் அந்தச் சான்று கட்டியினுடையது; சுற்றியுள்ள செர்பென்டினைட்டும் அதே ஆழத்திலிருந்து வந்தது என்று தனியாக நிறுவியாக வேண்டும்.

டைக்குகளின் ஓரங்களை விட்டுவிடாதீர்கள். செர்பென்டினாகும் பெரிடோடைட்டிலிருந்து வெளியேறும் கால்சியம், அருகிலுள்ள காப்ரோ டைக்கில் ஏறி, அதை வெளிறிய ரோடிங்கைட்டாக மாற்றுகிறது. கிராசுலர் கார்னெட்டும் டயாப்சைடும் வெசுவியனைட்டும் அதில் இருக்கும். நியூசிலாந்தின் டன் மலைப் பகுதியில் ஓடும் ரோடிங் ஆற்றின் பெயரே அந்தப் பாறைக்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ முழுவதும் ஒலிவினாலான டூனைட் பாறையின் பெயரும் அதே மலையிலிருந்து வந்தது. பிற்பாடு காலத்தை அளவிட இந்த ரோடிங்கைட் தேவைப்படும் என்பதால் அதிலும் மாதிரி எடுத்து வையுங்கள்.

மாதிரிகளைச் சிதையாத உட்பகுதியிலிருந்து, வெள்ளை மாக்னசைட் நரம்புகளுக்கும் சிதைவு மேலோட்டுக்கும் விலகி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு கல்லை எடுப்பதைவிட, மாற்றம் குறைந்த பகுதியிலிருந்து மிகுந்த பகுதி வரை ஒரு கோட்டில் பல கற்களை எடுப்பது பன்மடங்கு பயன் தரும். செர்பென்டினின் இழை வடிவமான கிரைசோடைல் ஒரு கல்நார் என்பதை நினைவில் வைத்து, வெட்டும்போது நீர் பாய்ச்சுவதையும் தகுந்த முகக்கவசம் அணிவதையும் ஒருபோதும் தவிர்க்கலாகாது.

படி 3: பழைய பாறையை நுண்ணோக்கியில் மீட்டெடுத்தல்

ஒளி ஊடுருவும் அளவுக்குப் பாறையை மெல்லியதாகத் தேய்த்த மென்சீவலை முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்தவுடன் பழைய கவசத்தின் அமைப்பு வெளிப்படத் தொடங்கும். ஒலிவின் மணிகளின் விரிசல்கள் வழியே நீர் புகுந்து இரு பக்கமும் செர்பென்டினை வளர்ப்பதால் வலைப்பின்னல் போன்ற அமைப்பு உருவாகிறது. வலைக்கண்களின் நடுவில் மாறாத ஒலிவின் எஞ்சியிருந்தால் அது பெரும் பேறு. ஆர்த்தோபைராக்சீன் மாறிய இடத்தில், அதன் பழைய பிளவுத் தளங்களை அப்படியே காத்துக்கொண்டு பாஸ்டைட் என்னும் செர்பென்டின் உருவம் நிற்கும். வலையையும் பாஸ்டைட்டையும் எண்ணினாலே மூலப்பாறை தெரியும்: ஒலிவின் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்திருந்தால் டூனைட், ஆர்த்தோபைராக்சீன் கணிசமாக இருந்து, பைராக்சீனின் மற்றொரு வகையான கிளைனோபைராக்சீன் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்திருந்தால் ஹார்ஸ்பர்கைட், இரண்டும் 5 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் லெர்சோலைட். உருகிய குழம்பை நிறைய இழந்த கவசம் ஹார்ஸ்பர்கைட்டாகவும், குறைவாக இழந்தது லெர்சோலைட்டாகவும் மிஞ்சும் என்பதால் இந்த எண்ணிக்கையே முதல் பெரும் செய்தி.

செர்பென்டினின் உயர் வெப்ப வடிவமான ஆன்டிகரைட் கத்தி போன்ற படிகங்களாக ஒன்றையொன்று ஊடுருவி வளர்ந்துவிட்ட பாறையில் வலையும் பாஸ்டைட்டும் அழிந்துவிடும். அங்கே அடுத்த படிதான் துணை.

படி 4: குரோம் ஸ்பினலைக் கேட்டல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். பாறையில் ஓரிரு விழுக்காடே உள்ள குரோம் ஸ்பினல் என்னும் ஆக்சைடு கனிமத்தின் மணிகள் சுற்றியுள்ள ஒலிவின் முழுவதும் மாறிய பின்னும் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றில் குரோமியமும் அலுமினியமும் கலந்திருக்கும் விகிதம் கவசம் எவ்வளவு உருகியது என்பதன் அளவுகோல். கவசம் உருகும்போது அலுமினியம் குழம்போடு வெளியேறிவிடும், குரோமியம் தங்கிவிடும். எனவே குரோமியத்தைக் குரோமியம், அலுமினியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் குரோம் எண் உயர உயர, உருகிய அளவும் கூடுதல்.

நடுக்கடல் மலைத்தொடர்களின் பெரிடோடைட்டில் இந்த எண் 0.6-ஐ அரிதாகவே தாண்டும். அகழிக்கும் எரிமலை வில்லுக்கும் இடையிலுள்ள முன்வில் பகுதியின் கவசத்தில் அது 0.8 வரை செல்லும். அமிழும் தட்டிலிருந்து எழும் நீர் கவசத்தின் உருகுநிலையைக் குறைத்து, உருகுதலைக் கூட்டுவதே காரணம். இரு களங்களும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே 0.5 என்ற எண்ணை வைத்து எந்தப் பக்கமும் சாய வேண்டாம்.

அளக்கும்போது மணியின் நடுப்பகுதியை மட்டுமே நம்புங்கள். உருமாற்றத்தில் விளிம்புகள் இரும்பேறிய ஃபெரிட்குரோமைட்டாகவும் மேக்னடைட்டாகவும் மாறி, எண்ணைச் செயற்கையாக உயர்த்திக் காட்டும். பின்சிதறல் எலக்ட்ரான் படத்தில் அந்த விளிம்பு வெளிறித் தெரியும். டைட்டானியம் வழக்கத்துக்கு மிகுந்திருந்தால், அந்தக் கவசத்தின் வழியே பிற்பாடு வேறொரு குழம்பு கடந்து சென்று வினைபுரிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

படி 5: முழுப் பாறையின் வேதியியல்

அலுமினியம் நீரால் எளிதில் நகராது. உருகாத தொல் கவசத்தில் அலுமினா, சிலிக்கா விகிதம் ஏறத்தாழ 0.1. உருகுந்தோறும் அது இறங்கும். முன்வில் செர்பென்டினைட்டுகளில் பெரும்பாலும் 0.03-க்குக் கீழே இருக்கும். ஸ்பினல் சொன்ன கதையும் இந்த விகிதம் சொல்லும் கதையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மாதிரியில் நரம்போ டைக்கோ கலந்திருக்கிறதா என்று மீண்டும் மென்சீவலைப் பாருங்கள். எரித்தபின் எடையிழப்பு 12 விழுக்காட்டை நெருங்கினால் மாற்றம் முழுமை. பாதியளவே என்றால் மூலக் கனிமங்கள் எங்கோ எஞ்சியிருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

படி 6: செர்பென்டினின் எந்த வடிவம்?

மூன்று முக்கிய வடிவங்களும் ஏறத்தாழ ஒரே வேதியியல் கொண்டவை. வேறுபடுவது அடுக்கின் வளைவு. மக்னீசியத் தளம் சிலிக்காத் தளத்தைவிடச் சற்றே அகலமானது என்பதால் இரண்டும் சரியாகப் பொருந்துவதில்லை. சிறு அணுமாற்றங்களால் பொருத்திக்கொண்டு தட்டையாக நிற்பது லிசார்டைட். சுருண்டு குழாயாவது கிரைசோடைல். குறிப்பிட்ட இடைவெளிகளில் திசைமாறி அலையாக வளைவது ஆன்டிகரைட்.

மேற்கு ஆல்ப்ஸின் பாறைகளில் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை லிசார்டைட் நிலைத்திருப்பதும், அதற்கு மேல் ஆன்டிகரைட் அதனை மெல்ல மெல்ல விழுங்குவதும், சுமார் 390 டிகிரிக்கு மேல் ஆன்டிகரைட் மட்டுமே எஞ்சுவதும் பதிவாகியுள்ளன. கண்ணால் இவற்றைப் பிரிப்பது நம்பத்தக்கதல்ல. ராமன் நிறமாலையில் ஹைட்ராக்சில் அதிர்வுகள் தோன்றும் பகுதியே இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். மென்சீவலிலேயே புள்ளி புள்ளியாக அளக்கலாம் என்பதால், எந்த வடிவம் எதை வெட்டிச் செல்கிறது என்ற கால வரிசையும் கிடைக்கும்.

ஆன்டிகரைட் இருக்கிறது, ஆகவே கீழமிழ்தல் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. சிலிக்கா மிகுந்த நீர் வந்தால் குறைந்த வெப்பத்திலும் அது உருவாகும். கடல் தளத்துப் பாறைகளிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளது. கிரைசோடைலும் பெரும்பாலும் பிற்கால விரிசல்களில் வளர்வது. கனிம வடிவம் வெப்பநிலையைச் சொல்கிறது. இடத்தைச் சொல்வதில்லை.

படி 7: நீர் எங்கிருந்து வந்தது?

இப்போதுதான் இரண்டாம் வரலாறு தொடங்குகிறது. தூய கவசத்தில் போரானின் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. செர்பென்டினைட்டில் அது பல பத்து பங்குகளாக உயர்கிறது. குளோரின், லித்தியம், சீசியம், ஆர்செனிக், ஆன்டிமனி ஆகியவையும் நீரோடு வருபவை. கடல் நீரே நேரடியாக ஏறியிருந்தால் போரானும் குளோரினும் ஓங்கி நிற்கும், போரான் ஐசோடோப்பு விகிதமும் கடல் நீரின் உயர்ந்த மதிப்பை நோக்கிச் சாயும். அமிழும் தட்டின் மேலுள்ள வண்டலிலிருந்து கசிந்த நீர் ஏறியிருந்தால் ஆர்செனிக், ஆன்டிமனி, சீசியம் போன்றவை குறிப்பிடத்தக்க அளவு மிகும். லடாக்கின் சோ மோராரி பகுதியில் உள்ள செர்பென்டினைட்டுகளில் இத்தகைய மிகுதி காணப்பட்டதால், அவை இந்தியத் தட்டு அமிழ்ந்தபோது அதன் மேலிருந்த முன்வில் கவசத்தின் அடிப்பகுதி என்று விளக்கப்பட்டன.

ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை அளக்காமல் இந்தப் படியை முடித்துவிடக் கூடாது. தொகுதி நிலத்துக்கு வந்த பிறகு மழைநீரே பாறைக்குள் இறங்கி மாற்றத்தைத் தொடரும். ஓமானில் இன்றும் அது நடக்கிறது. அங்குள்ள கடும் காரத்தன்மை கொண்ட ஊற்றுகள் அதன் விளைவு. மழைநீர் எழுதியதைக் கடல் எழுதியதாகப் படித்துவிடும் ஆபத்து உண்மையானது.

படி 8: இன்று நடப்பதோடு ஒப்பிடுதல்

பழைய பாறையைப் பொருள்கொள்ள, இன்று இயங்கும் இடங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அட்லாண்டிக்கின் அட்லாண்டிஸ் மாசிப் என்னும் கடலடி மலைத்திரள் மீது 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் கண்டறியப்பட்ட லாஸ்ட் சிட்டி வெந்நீர்க் களத்தில், செர்பென்டினாக்கம் வெளியிடும் 40 முதல் 91 டிகிரி வெப்பமுள்ள காரநீர், 60 மீட்டர் உயரம் வரை கார்பனேட் கோபுரங்களைக் கட்டியிருக்கிறது. அதே மாசிப்பில் 2023-இல் நடந்த சர்வதேசத் துளையீடு 1,268 மீட்டர் ஆழம் வரை கவசப் பாறையில் இறங்கியது. கீழமிழ்தல் ஏதுமின்றி, தட்டுகள் விலகும் இடத்தில் பிறக்கும் செர்பென்டினைட் எப்படியிருக்கும் என்பதற்கு இதுவே முன்மாதிரி. கண்டங்கள் பிரிந்த ஐபீரிய விளிம்பிலும் கவசம் இப்படி வெளிப்பட்டு நீரேறியுள்ளது.

மறுபக்கம் மரியானா அகழி. அங்கே முன்வில் கவசம் அடியிலிருந்து நீரேறி, சேற்று எரிமலைகளாகக் கடல் தளத்தில் எழுகிறது. பெரியவை 50 கிலோமீட்டர் அகலமும் 2 கிலோமீட்டர் உயரமும் கொண்டவை. 1989-இல் கோனிகல் கடற்குன்றில் தொடங்கிய துளையீடுகள் பி.எச். 12.5 வரை செல்லும் நீரையும், செர்பென்டின் சேற்றில் கலந்துவந்த நீலத்தகட்டுக் கனிமங்களையும் வெளிக்கொணர்ந்தன. 2016-17-இல் நடந்த சர்வதேசக் கடலடித் துளையீட்டுத் திட்டத்தின் 366-ஆம் பயணம், அமிழ்ந்துபோன கடற்குன்றுகளின் ஆழமற்ற கடல் சுண்ணாம்புத் துண்டுகளைக்கூட எடுத்தது. உயர் குரோம் எண் கொண்ட ஸ்பினல், தட்டிலிருந்து வந்த நீரின் தடங்கள், நீலத்தகட்டுத் துண்டுகள் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடக்கும் இந்தத் தொகுப்பு ஒரு பழைய பட்டையிலும் காணப்பட்டால், முன்வில் கவசம் என்று துணிந்து சொல்லலாம்.

நில அதிர்வியலும் இதனோடு இணைகிறது. தூய பெரிடோடைட்டில் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் செல்லும். நீரேறிய பாறையில் அது வெகுவாகக் குறையும். வட அமெரிக்காவின் கஸ்காடியாவில் முன்வில் கவசம் மேலோட்டைவிட மெதுவாக அலையைக் கடத்துவதும், மேலோட்டின் அடியெல்லை தலைகீழாகத் தோன்றுவதும் 2002-இல் வெளியான ஆய்வில் இவ்வாறே விளக்கப்பட்டன.

படி 9: நீர் வெளியேறிய தடத்தைத் தேடுதல்

ஒரு செர்பென்டினைட் உண்மையிலேயே அமிழ்ந்து ஆழம் சென்றதா என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சி நீர் ஏறியதன் தடம் அல்ல, நீர் வெளியேறியதன் தடம். முதலில் ஆன்டிகரைட்டும் புரூசைட்டும் வினைபுரிந்து புதிய ஒலிவினைத் தருகின்றன. இத்தாலியின் லிகூரியாவிலுள்ள எர்ரோ-தொப்பியோ தொகுதியில், இந்த உருமாற்ற ஒலிவினும் டைட்டானிய கிளைனோஹியூமைட் என்னும் கனிமமும் நிறைந்த நரம்புகள், வெளியேறிய நீர் ஓடிய வழிகளாகவே நிற்கின்றன. நரம்பிலுள்ள ஒலிவினைக் கவசத்தின் பழைய ஒலிவினோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆன்டிகரைட்டை வெட்டிச் செல்வதும், அதன் நுண் உட்பொதிவுகளைத் தாங்குவதும் புதியது.

அடுத்த கட்டத்தில் ஆன்டிகரைட்டே உடைகிறது. அழுத்தத்தைப் பொறுத்து 600 முதல் 700 டிகிரி வரையான வெப்பத்தில் அது ஒலிவினாகவும் ஆர்த்தோபைராக்சீனாகவும் குளோரைட்டாகவும் பிரிந்து, எஞ்சிய நீரின் பெரும்பகுதியை ஒரேயடியாக விடுவிக்கிறது. குளிர்ந்த தட்டுகளில் இந்த உடைவு 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழம் வரை தள்ளிப்போகலாம் என்று பீட்டர் உல்மரும் ஃபோல்க்மார் டிரோம்ஸ்டார்ஃபும் 1995-இல் காட்டினர். எரிமலை வில்களுக்கு அடியில் நீர் எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு இது பெரும் வெளிச்சம் தந்தது. ஸ்பெயினின் செர்ரோ தெல் அல்மிரெஸ் மலையில் இந்த எல்லையை நடந்தே கடக்கலாம்: ஒரு பக்கம் ஆன்டிகரைட் செர்பென்டினைட், மறுபக்கம் பல சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்த ஒலிவின் கொண்ட குளோரைட் ஹார்ஸ்பர்கைட். வடகிழக்கு ஜப்பானின் அமிழும் தட்டில் இரு தளங்களாக நிகழும் நிலநடுக்கங்களில் கீழ்த்தளத்தை, தட்டின் கவசப் பகுதியில் நடக்கும் இதே உடைவோடு தொடர்புபடுத்தும் விளக்கமும் உண்டு.

படி 10: காலம் கணித்தல், தொன்மையான பாறைகளை அணுகுதல்

செர்பென்டினில் கதிரியக்கக் காலக் கணிப்புக்கு ஏற்ற கனிமங்கள் அரிது. ரோடிங்கைட்டிலுள்ள சிர்கான், மெலாஞ்சிலுள்ள எக்லோகைட்டின் கார்னெட், நீலத்தகட்டுப் பாறையின் வெண் மைக்கா ஆகியவை வழியாகவே காலத்தை நெருங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிகழ்வைத் தேதியிடுகிறது: சிர்கான் டைக் உறைந்ததை அல்லது அது பின்னர் மாறியதை, கார்னெட் ஆழத்தில் வளர்ந்ததை, மைக்கா பெரும்பாலும் மேலே வந்து குளிர்ந்ததை. 'செர்பென்டினைட்டின் வயது' என்று ஒரே எண்ணை எழுதுவது தவறு.

பல நூறு கோடி ஆண்டுகள் பழைமையான பாறைகளில் இன்னொரு கேள்வி முளைக்கிறது. கோமடைட் போன்ற மிகச் சூடான எரிகற்குழம்பின் அடியில் ஒலிவின் படிந்து உருவான திரளும், நீரேறிய பின் கவச டூனைட்டைப் போலவே தோன்றும். எஞ்சிய ஒலிவினின் மக்னீசிய, நிக்கல் அளவுகளையும், ஸ்பினலின் இரும்பு, டைட்டானிய அளவுகளையும், பிளாட்டினக் குழுத் தனிமங்களின் பாங்கையும் சேர்த்துப் பார்த்தே பிரிக்க முடியும். கிரீன்லாந்தின் இசுவா பகுதியில் சுமார் 380 கோடி ஆண்டுப் பழைமையான பாறைகளோடு கிடக்கும் டூனைட் வில்லைகளைச் சிலர் கவசத் துண்டுகள் என்கின்றனர், வேறு சிலர் குழம்பில் படிந்த திரள் என்கின்றனர். முன்னது சரியென்றால், கவசத்தை மேலோட்டுக்குள் திணிக்கும் தட்டு நகர்வு அக்காலத்திலேயே இருந்தது என்ற வாதம் வலுப்பெறும். பின்னது சரியென்றால் அந்த வில்லைகளைக் கீழமிழ்தலுக்குச் சான்றாகக் கொள்ள இடமில்லை. இசுவாவின் வில்லைகளைக் கையாளும்போது 3, 4, 5 ஆகிய படிகளை முடிக்காமல் 7-ஆம் படிக்குச் செல்லவே கூடாது. மூலப்பாறை எது என்று தெரியாதவரை, அதில் ஏறிய நீர் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று கேட்பதில் பயனில்லை.